தங்கூசி நாண்

எனக்குத் தெரிந்த அம்பெல்லாம் எங்கள் ஊர்க் கோயிலில் செபஸ்தியார் சுரூபத்தின் உடம்பில் குத்தி நின்ற ஐந்து அம்புகள்தான். அவற்றையும் பெருநாளுக்குப் பெருநாள் கழற்றித் துடைத்து மறுபடி செருகியிருக்கிறேனே தவிர, எய்வதற்கென்று ஒன்றைக் கையில் எடுத்ததில்லை. நான் கடல்காரன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். வலை, தூண்டில், மீன் குத்துகிற மண்டா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வயதில், கடல் வாசமே எட்டாத ஜெயபுரத்துக் காட்டோரத்தில் குந்தியிருந்து, காட்டுக்கோழி அடிக்க வில்லுக்குத் தடி தேடினேன் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

தொண்ணூற்றேழில், கரையில் இழுத்து வைத்திருந்த எங்கள் வள்ளம் செல் குண்டு விழுந்து எரிந்துபோனது. என் மனைவி ஆன்சலாவின் அண்ணன் வின்சன்தான் ஜெயபுரத்துக்கு வரச் சொன்னான். அவன் முன்னமே அங்கே போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்துகொண்டிருந்தான். நாங்கள் கட்டிக்கொண்டு போனது இரண்டு சாக்கு உடுப்பு, ஒரு பழைய வலை, ஒரு பெரிய சுருள் தங்கூசி. தங்கூசி என்பது கண்ணாடி நிறத்தில் இருக்கும் நைலோன் நூல், தூண்டில்காரனுக்கு உயிர். காட்டுக்குள் வலை எதற்கு என்று ஆன்சலா வழி முழுக்க முணுமுணுத்தாள். தங்கூசியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறந்தாலும் நான் கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தை மாதத்தில் வின்சன் விறகுக்குப் போனான். கால் மட்டத்தில் கட்டியிருந்த கம்பி ஒன்றில் அவன் கால் பட்டது. கண்ணிவெடி. அவனைச் சாக்கில் எடுத்து வந்தவர்களில் நானும் ஒருவன். ஆன்சலாவுக்கு அப்போது வயிற்றில் நான்கு மாதம். அவன் செத்த பிறகுதான் அந்தப் பக்கத்துக் காட்டோரம் முழுக்கச் சிவப்புச் சீலைத் துண்டுகள் கட்டி, இதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏன் முதலே கட்டவில்லை என்று கேட்க எவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

ஆனியில் பெண் பிள்ளை பிறந்தது. நிரோசினி என்று பெயர் வைத்தோம். பிறக்கும்போது நல்ல சத்தத்தோடு அழுத பிள்ளை. ஆனால் ஆன்சலாவுக்குக் கடைசி இரண்டு மாதமும் மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்திருந்தது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். பால் இல்லை. பிள்ளை இழுத்து இழுத்துக் களைத்து, வாயை எடுத்துவிட்டு அழும். மறுபடி இழுக்கும். பதினாறாம் நாள் மருத்துவிச்சி விமலேஸ்வரி அக்கா வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்தா. பிறந்த நாளில் இருந்ததைவிடப் பாரம் குறைந்திருந்ததைச் சொல்ல அவவுக்குத் தராசு தேவைப்படவில்லை. என்னை வெளியே கூப்பிட்டுப் போனா.

“தம்பி, பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. தாயிலைதான் இரத்தம் இல்லை. அது இல்லாட்டில் பால் எங்கையிருந்து ஊறும்? கோழிச்சாறு குடுக்க வேணும். ஒரு கிழமைக்குள்ளை குடுக்கப் பாருங்கோ.”

கோழிக்கு எங்கே போவது? ஊர்க்கோழியெல்லாம் சித்திரையில் நோய் விழுந்து செத்துப்போயின. மீன் என்றால், குளம் வற்றிச் சேறாய்க் கிடந்தது. சாமான் வருகிற பாதை பூட்டி மூன்று கிழமை. கடையில் பால்மா என்று கேட்டால் கடைக்காரன் நம்முடைய முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பான். மாட்டுப்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தோம். பிள்ளைக்கு வயிற்றாலே போய் இன்னும் வாடிவிட்டது. காட்டுக்கோழி மட்டும் ஒவ்வொரு விடியலும் காட்டுக்குள் இருந்து கூவிக்கொண்டிருந்தது. என்னை வெறுப்பேற்றத்தான் கூவுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் குடியிருந்த கொட்டில் நின்ற காணி வீரகத்தியுடையது. என் வயதுக்காரன், வயலும் தோட்டமும் செய்கிற ஜெயபுரத்துக் கமக்காரன், வாய் ஓயாதவன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான். எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும். காட்டுக்கோழிக்குக் கண்ணிதான் சரி என்று அவன் சொன்னான். மெல்லிய கம்பியில் சுருக்குப் போட்டு, கோழி நடக்கிற தடத்தில் தாழக் கட்டிவிட்டு வந்தால் மறுநாள் போய் எடுத்துக்கொண்டு வரலாம். அவனிடம் முன்பு துவக்கு இருந்தது, எப்போதோ ஒப்படைத்தாயிற்று. இருந்தாலும் வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணி என்று விளக்கிக்கொண்டே போனான். உள்ளே எழும்ப ஏலாமல் கிடந்த ஆன்சலா எழும்பி, வாசல் தடியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அந்தச் சொல்லை இந்த வாசலிலை சொல்லாதேங்கோ. காலடியிலை கம்பி கட்டுற வேலை எங்களுக்கு வேண்டாம்.”

வீரகத்தி வாயை மூடியதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவள் சொன்னதில் பிழையும் இல்லை. வின்சன் போன பிறகு விறகுக்குப் போகிற பெண்கள், பாதையில் ஒரு கொடி குறுக்கே கிடந்தாலும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். காட்டுக்குள் யாரும் ஒரு நூல்கூடக் கட்டுவதில்லை என்று ஊரே பேசி வைத்திருந்தது. கோழிக்குக் கட்டுவதும் கண்ணி, மனிதனுக்குக் கட்டுவதும் கண்ணி. இரண்டுக்கும் தமிழில் வேறு வேறு சொல் வைத்திருக்கலாம்.

அப்படித்தான் வில் வந்தது.

முதலில் எடுத்தது பனஞ்சிலாகை. கூரைக்கு வைத்திருந்ததில் ஒன்றை உருவி, இரண்டு நுனியையும் சீவி வளைத்தேன். வைரம் பாய்ந்த மரம்தான், ஆனால் வளைந்து பழக்கமில்லை. நெஞ்சுக்கு நேரே முறிந்து ஒரு சிலும்பு கன்னத்தில் ஏறியது. அடுத்தது பூவரசு. அது சொன்னபடி வளைந்தது. வளைந்தபடியே நின்றுவிட்டது, நிமிர மனமில்லை. பிறகுதான் சமண்டலை மரம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வள்ளத்தின் உள்சட்டத்துக்கு வைக்கிற மரம். அலை அடிக்கிற அடிக்கெல்லாம் கொடுத்து வாங்கி, பிறகு தன் இடத்துக்கே திரும்பி வந்துவிடும். என் தோளுயரத்துக்கு ஒரு கன்றுத் தடி வெட்டி, நடுவைத் தடிப்பாக விட்டு, நுனிகளை உடைந்த போத்தல் ஓட்டால் வழித்து வழித்து மெலிவித்தேன். வளைத்துவிட்டால் கோபத்தோடு நிமிர்ந்தது. இதுதான் என்று அப்போதே தெரிந்தது.

அம்புக்கு என் மனம் முதலில் மண்டாப் பக்கமே போனது. பாரமான கம்பு, பாரமான இரும்பு. அப்படி ஒன்று செய்து விட்டுப் பார்த்தேன். நாலு பாகம், அதாவது விரித்த கையளவில் நாலு, போய் மூக்குக் குப்புற விழுந்தது. பாரத்தைக் குறைக்கச் சொன்னான் வீரகத்தி. குளத்தோரத்து நாணலை வெட்டி வெயிலில் வாட்டி நிமிர்த்தினேன். முனைக்கு சைக்கிள் சில்லுக் கம்பி. அதைக் கல்லில் தீட்டி, நாணலுக்குள் இறக்கி, வலை நூலால் சுற்றி, விளாம்பிசின் பூசினேன். வாலுக்குக் காகச் சிறகு. பத்து அம்பு தேறியது. வரிசையாக வைத்துப் பார்த்தபோது செபஸ்தியார்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஐந்தே ஐந்து.

இனி நாண். இங்கேதான் நானும் வீரகத்தியும் முட்டிக்கொண்டோம். தென்னங்கயிறு தடிப்பு. வலை நூல் வெயிலில் இற்றுப்போனது, சுற்றுக்கட்டுக்கு மட்டும்தான் உதவும். நான் தங்கூசிச் சுருளை எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவன் தலையை ஆட்டினான்.

“உது இழுபடும், அனிஸ்ரன். நாண் எண்டால் மரல் நார்தான். உம்மடை பிள்ளை படுக்கிற ஏணைக் கயிறு என்னத்திலை திரிச்சது எண்டு நினைக்கிறீர்?”

மரல் என்பது மண்ணிலிருந்து கத்தி கத்தியாய் எழும்பி நிற்கும் ஒரு செடி. அதன் நாரில் திரித்த கயிறு ஒன்றை, பிள்ளை பிறந்த கிழமையில் அவன்தான் கொண்டு வந்து தந்திருந்தான். ஆன்சலாவின் சேலையை அதில் தொங்கவிட்டுத்தான் நிரோசினிக்கு ஏணை கட்டியிருந்தோம். அது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தங்கூசியில் என் உயரத்துக்குச் சுறா பிடித்தவன் நான். கமக்காரன் எனக்கு நூலைப் பற்றிப் பாடம் எடுக்கிறான் என்று உள்ளே போய் ஆன்சலாவிடம் பொரிந்து தள்ளினேன். இழுபடும் என்று அவன் சொன்னது எனக்கு ஒரு குற்றமாகவே படவில்லை. இழுபடுவதால்தானே அது தங்கூசி. மீன் வெட்டி இழுக்கும்போது நூல் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கொடுக்காத நூல் அறும். இருபது வருடமாக என் விரலில் ஊறியது அது. மூன்று புரியாக முறுக்கி, மெழுகுதிரி பூசி, வில்லில் ஏற்றினேன். சுண்டிப் பார்த்தேன். நல்ல சத்தமாகத்தான் இருந்தது.

வேலியில் ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கட்டிப் பழகினேன். முதல் நாள் பத்து அம்பும் மட்டைக்கு ஒரு சாண் கீழே போய்க் குத்தின. கையில் பிழையா வில்லில் பிழையா என்று பார்த்துக் களைத்த பிறகுதான் விளங்கியது. தண்ணீருக்குள் மீன் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் மண்டாவை எப்போதும் மீனுக்குக் கீழே பார்த்து எறிவோம். வெறும் காற்றில் நின்றுகொண்டும் என் கண் கீழேதான் பார்த்தது. இதைச் சொன்னபோது வீரகத்தி விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளே இருந்து ஆன்சலாவும் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்துக் கேட்டது அந்த ஒரு தரம்தான். மூன்றாம் நாள் பத்தில் ஏழு மட்டையில் தைத்தது.

காட்டோரத்தில் ஒரு பெரிய பாலை மரம் நின்றது. பழம் கொட்டுகிற காலம். விழுந்த பழத்தைக் கொத்தக் காட்டுக்கோழி வரும் என்று மண்ணில் இருந்த கால் தடமே சொன்னது. மரத்துக்கு இந்தப் பக்கம் நல்ல நிலம். அந்தப் பக்கம் இருபது அடி தள்ளிச் சிவப்புச் சீலை தொடங்கியது. நாலாம் நாள் விடிய முன்னமே போய், ஒரு பற்றைக்குப் பின்னால் நாணை ஏற்றி வைத்துக்கொண்டு குந்தினேன். விடிந்தது. குரங்கு வந்தது. அணில் வந்தது. வெயில் ஏறி முதுகு சுட்டது. கோழியைக் காணவில்லை. வில்லை வெயிலிலேயே வளைத்து வைத்திருந்தேன், அதைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

வந்தபோது ஒரு சேவலும் இரண்டு பேடுகளும் வந்தன. பெரிய பேடு எனக்குப் பத்துப் பாகத்துக்குள் வந்து, பக்கவாட்டில் நின்று, குனிந்து பழத்தைக் கொத்தியது. அதைவிட நல்ல இடத்தில் ஒரு பறவை நிற்காது. மாதாவை நினைத்துக்கொண்டு, கீழே பார்க்காதே, கீழே பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, காது வரைக்கும் இழுத்தேன். இழுக்கும்போதே பிழை பிடிபட்டது. வெயிலில் இளகிய நாண் நீண்டு வந்துகொண்டே இருந்தது. வில் வளைய வேண்டிய அளவுக்கு வளையவில்லை. ஆனால் விட்டுவிட்டேன். நாண் சுண்டவில்லை, தொப்பென்றது. அம்பு சோம்பேறித்தனமாய்ப் போய்ப் பேட்டின் சிறகடியில் குத்தியது. ஊடுருவவில்லை, இறங்கித் தொங்கியது. நல்ல நாண் என்றால் அந்த அம்பு மறுபக்கத்தால் வந்திருக்கும். பேடு கத்திக்கொண்டு, அம்பை இழுத்துக்கொண்டு, அரைப் பறப்பும் ஓட்டமுமாகப் போனது. சிவப்புச் சீலையைத் தாண்டியது. பதினைந்து அடிக்கு அப்பால் வெட்டை நிலத்தில் விழுந்து கிடந்து சிறகடித்தது.

நான் சீலைக்கு இந்தப் பக்கத்தில் போய் நின்றேன். பதினைந்து அடி. என் பிள்ளையின் பால் அங்கே கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய் எடுத்துக்கொண்டு ஓடி வர எவ்வளவு நேரம்? ஒரு காலைத் தூக்கினேன். வின்சனைக் கட்டிய சாக்கின் நிறம் ஞாபகம் வந்தது. காலை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் போய்விட்டால் அவளுக்கு யார் என்று யோசித்ததாக இப்போது சொல்லலாம். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு எனக்கு ஒரு புத்தி வந்தது. சுருளின் மிச்சம் பைக்குள் இருந்தது. சட்டைக் கழுத்தில் எப்போதும் ஒரு தூண்டில் முள் குத்தி வைத்திருப்பேன். முள்ளைக் கட்டி, பாரத்துக்கு ஒரு கல்லைக் கட்டி, தூண்டில் எறிகிற மாதிரி எறிந்தேன். முதலாவது தள்ளி விழுந்தது. இரண்டாவது அப்பால் போனது. மூன்றாவது பேட்டின் சிறகில் மாட்டியது. மெல்ல மெல்ல இழுத்தேன். ஒரு அடி வந்தது. இன்னொரு அடி வந்தது. பிறகு நின்றது.

எதிலோ மாட்டிக்கொண்டது. கடலில் என்றால் நூலின் மறுநுனியில் இருப்பது கல்லா பாசியா மீனா என்று என் விரலுக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. வேராக இருக்கலாம். கொடியாக இருக்கலாம். கம்பியாகவும் இருக்கலாம். இழுத்தால் தங்கூசி நீண்டு கொடுத்தது. அந்தப் பக்கத்தில் எவ்வளவு இறுகுகிறது, எந்தக் கணத்தில் என்ன கழலும் என்று பிடிக்க முடியவில்லை. கை வேர்த்து வழுக்கியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகு நூலை விட்டேன். பேடு சாக மத்தியானம் ஆனது. அதுவரைக்கும் நான் அங்கேதான் குந்தியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆன்சலாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். தாண்டாமல் வந்ததே போதும் என்று அவள் சொன்னாள். அவளுடைய மடியில் பிள்ளை வெறும் முலையை இழுத்துக்கொண்டிருந்தது. ஆன்சலா என்னைப் பார்க்கவில்லை. முகட்டில் தொங்கிய ஏணையைப் பார்த்தாள்.

“கயிறு அங்கை கிடக்குதுதானே. அவிழுங்கோ. பிள்ளையை நான் மடியிலை வைச்சிருக்கிறன்.”

“பிள்ளை உயிரோடை இருக்க ஏணையை அவிழ்க்கிறதோ? உனக்கு விசரே?”

எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். வெறும் ஏணையை ஆட்டக்கூட விடமாட்டார்கள். பிள்ளை தானாக எழும்பி நடக்கிற வரைக்கும் கட்டிய ஏணை கட்டியபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்று என் தாய் சொல்லுவா, அவவின் தாயும் சொன்னாவாம். பங்குச் சுவாமிமாருக்குச் சொன்னால் ஏசுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் இப்படியான விசயங்களில் நாங்கள் சுவாமியைக் கேட்பதில்லை. ஆன்சலாவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். இரண்டாம் தரம் கேட்டிருந்தால் நான் அவிழ்த்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை.

நான் வீரகத்தியிடம் போனேன். நான் சொன்னனானே என்று அவன் தொடங்குவான், கேட்டுக்கொண்டு நிற்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. திரித்த கயிறு வேறு இல்லையாம், மற்றதெல்லாம் இடம்பெயர்ந்து வந்தவர்களின் கொட்டில்கள் கட்டப் போய்விட்டதாம். கத்தியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான். ஒரு கட்டு மரல் வெட்டினோம். பச்சையாய் வழித்தால் நார் பிசிறும், நாலு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊற வேண்டும் என்றான். குளத்துச் சேற்றில் புதைத்துக் கல் ஏற்றினோம். அது ஊறும்வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. புதுத் தங்கூசியை ஐந்து புரியாய் முறுக்கிக்கொண்டு காலையும் மாலையும் பாலை மரத்தடியில் குந்தினேன். கோழிகள் பயந்து அந்தப் பக்கமே வரவில்லை. செத்த பேட்டின் சிறகுகள் காற்றில் கிளம்பிக் கிளம்பிச் சிவப்புச் சீலைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தன.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை அழுவதை நிறுத்தியது. வாய் திறக்கும், சத்தம் வராது. விமலேஸ்வரி அக்காவைக் கூட்டி வந்தேன். அவ பிள்ளையின் உச்சிக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் முறைப்படி ஏதாவது செய்ய வேண்டியது இருந்தால் செய்யுங்கள் என்று சொன்னா. சுவாமி அடுத்த ஞாயிறுதான் வருவார். நானே ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து, தலையில் மூன்று தரம் ஊற்றி, பிதா சுதன் தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தேன். தண்ணீர் உதட்டில் பட்டதும் பிள்ளை நாக்கை நீட்டி நக்கியது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டது. வின்சனுக்குப் பக்கத்தில் வைத்தோம். இருபத்தாறு நாள்.

மறுநாள் காலையில் கொட்டிலுக்குள் காற்று வந்து வெறும் ஏணையை ஆட்டியது. ஆன்சலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் எழும்பிக் கயிற்றை அவிழ்த்தேன். சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். கயிற்றின் புரியைப் பிரித்து, ஒரு புரியை எடுத்து, வில்லில் ஏற்றினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆன்சலாவுக்கு இன்னமும் இரத்தம் இல்லை, அவளும் போய்விடுவாள் என்பது ஒரு காரணம். எதையாவது கொல்ல வேண்டும் போல் இருந்தது என்பதும் உண்மை.

அன்றைக்குப் பாலை மரத்தடியில் கால்மணி நேரம்கூடக் குந்தவில்லை. எங்கே போயிருந்தனவோ, எல்லாமாய்ச் சேர்ந்து வந்தன. இழுத்தேன். நாண் ஒரு நூல் அளவுகூடக் கொடுக்கவில்லை, வில்தான் வளைந்தது. விட்டபோது அந்தச் சத்தமே வேறாக இருந்தது. அம்பு பேட்டின் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் முனை தெரிய நின்றது. நின்ற இடத்திலேயே விழுந்தது, இந்தப் பக்கத்து நல்ல நிலத்தில். நான் போய் அதைத் தூக்கவில்லை. அங்கேயே இருந்து பெரிய சத்தமாய் அழுதேன். தோட்டத்தில் நின்ற வீரகத்திதான் சத்தம் கேட்டு ஓடி வந்து, வெடி ஒன்றும் இல்லை என்று கண்டு, கோழியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனான்.

மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு நானே சாறு வைத்தேன். இனிக் குடித்து என்ன காண என்று ஆன்சலா முகத்தைத் திருப்பினாள். நீயாவது இரு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். எனக்காகக் குடித்தாள். அடுத்த நாளும் மிச்சத்தைச் சூடாக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் எழும்பி உட்கார்ந்தவள், தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் பால் கட்டிக் கல்லாய் இறுகியது. காய்ச்சல் வந்தது. விமலேஸ்வரி அக்கா வந்து பார்த்தா. இது சிலபேருக்கு இப்படித்தான் பிந்திச் சுரக்கும் என்று என் முகத்தைப் பாராமல் சொன்னா. பால் வற்ற மல்லிகைப்பூவை நெஞ்சில் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டுமாம். நான் பூவுக்குக் கிளம்பினேன். கோழி தேடிய அதே பாதை. அரைவழியில் வீரகத்தி எதிரே வந்தான். அக்கா அவன் வீட்டிலும் சொல்லியிருக்கிறா. அவன் மனைவியின் பந்தலில் இருந்த அத்தனை மல்லிகையையும் மொட்டோடு பிடுங்கித் தன் சாரத்துக்குள் கட்டிக்கொண்டு வந்திருந்தான். என் கையில் கொட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

கட்டுவதற்குத் துணி தேடினேன். பெட்டியைத் திறந்தால் மேலே ஏணைச் சேலைதான் இருந்தது. பிள்ளையின் மணம் இன்னும் அதில் இருந்தது. அதை நீளமாய் இரண்டாகக் கிழித்தேன். கிழிகிற சத்தத்துக்கு ஆன்சலா கண்ணை மூடிக்கொண்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூவை வைத்து, முதுகைச் சுற்றி எடுத்து, முன்னால் முடிச்சுப் போட்டேன். அவளுக்கு நோகும் என்று முடிச்சைக் கொஞ்சம் இளக்கமாக விட்டேன்.

“இளக்கமாய்க் கிடக்கு. இன்னும் இறுக்கிக் கட்டுங்கோ.”

அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.